வராத பிள்ளைகளுக்கு அளந்த அரிசி

கொடைக்கானல் மலையில் கவுஞ்சியைத் தாண்டி ஜீப் போகிற கடைசி ஊர் தொட்டிமேடு. அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் பிரேயர் முடிந்ததும் மகாதேவி வகுப்பு வகுப்பாகப் போய்த் தலைகளை எண்ணுவாள். சத்துணவு அமைப்பாளருக்கு அன்றைய முதல் வேலை அதுதான். எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்களோ அத்தனை பேருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் எடுத்துச் சமையல்காரி பாப்பம்மாளிடம் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்று அரசாங்கம் அளவு வைத்திருந்தது. ஆனால் அந்த மலையில் பசி ஒருநாள் போல் ஒருநாள் இருப்பதில்லை.

பனி விழுகிற மாதங்களில் பிள்ளைகள் இரண்டாம் தடவை தட்டை நீட்டுவார்கள். திங்கட்கிழமை வழக்கத்தை விட அதிகம் சாப்பிடுவார்கள். சனி, ஞாயிறில் வீட்டில் பெரியவர்கள் காட்டு வேலைக்குப் போய்விட்டால் ஆறின கஞ்சிதான். பூண்டு எடுக்கிற சமயத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள், வந்தவர்களும் அரைவயிறுதான் சாப்பிடுவார்கள், காட்டிலேயே எதையாவது தின்றிருப்பார்கள். முட்டை மசாலா என்றால் காய்ச்சல்காரப் பிள்ளைகூட எழுந்து வந்துவிடும். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஒரு நாள் ஒரு கை குறைப்பாள், ஒரு நாள் கூட்டுவாள். பானையில் மிச்சமும் கிடக்கக் கூடாது, எந்தப் பிள்ளையும் காலித் தட்டோடு நிற்கவும் கூடாது. அப்படி அமைந்த நாளில் அவளுக்கு மனசு நிறைந்திருக்கும்.

இந்த வேலை அவளுக்குக் கந்தவேல் செத்ததால் கிடைத்தது. கந்தவேல் அவள் புருஷன். பீன்ஸ் மூட்டையைக் கவுஞ்சியில் லாரிக்கு ஏற்றிவிட்டுச் சோலைக்காட்டு வழியாக நடந்து வந்தவனைக் காட்டெருமை முட்டித் தூக்கிப் போட்டது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் ஜீப்பிலேயே உயிர் போய்விட்டது. அப்போது மகள் கண்மணி கைக்குழந்தை. விதவை என்பதால் மகாதேவியின் மனுவுக்கு முன்னுரிமை கிடைத்தது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளியில் எழுபது பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். சாம்பார் கொதிக்கிற அண்டாவைத் தூக்கப் பாப்பம்மாளோடு இன்னொரு ஆளும் வேண்டியிருந்தது.

பிறகு ஒவ்வொரு வருஷமும் தலைகள் குறைந்தன. இரண்டு தடவை உருளைக்கிழங்கு நோயில் அழுகிப் போனது. சிலர் நிலத்தை ரிசார்ட் கட்டுகிறவர்களிடம் விற்றுவிட்டுப் பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இறங்கினார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பிள்ளையை மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டார்கள். மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள வயசானவர்கள் மட்டும் ஊரில் தங்கினார்கள். ஆசிரியர்களும் குறைந்து கடைசியில் தலைமையாசிரியர் இராமலிங்கம் ஒருவர்தான் மிஞ்சினார். நிலக்கோட்டைப் பக்கத்துக்காரர். கவுஞ்சியில் அறை எடுத்துத் தங்கிப் பைக்கில் வந்து போவார். ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது ஐந்தாம் வகுப்பு ஜன்னல் வழியாக மேகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

கண்மணி மூன்றாம் வகுப்பு முடிக்கிற நேரம். ஒரு சாயங்காலம் மகாதேவி புத்தகத்தைப் பிரித்து வாசிக்கச் சொன்னாள். மகள் கடகடவென்று ஒப்பித்தாள். சந்தேகம் வந்து வேறு பக்கத்தைத் திருப்பினாள். கண்மணி அதற்கும் பழைய பக்கத்தையே ஒப்பித்தாள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் கொடைக்கானலில் ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில் மகளைச் சேர்த்துவிட்டாள். ஹாஸ்டலைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் அனிட்டா, தகப்பன் இல்லாத பிள்ளை என்று பாதிக் கட்டணத்துக்கு எடுத்துக்கொண்டார். டி.சி. மட்டும் சீக்கிரம் கொண்டு வரச் சொன்னார்.

மகாதேவி இராமலிங்கத்திடம் போய் நின்றாள்.

"சார், கண்மணிக்கு டி.சி. வேணும்."

அவர் மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்களுமாம்மா?"

"ஒரே பிள்ளை சார். அது வாசிக்கத் தெரியாம நிக்குது."

"தப்புன்னு சொல்லல. எனக்குப் பிள்ளை இருந்தா நானும் அதத்தான் செய்வேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா உங்க மக பேர எடுத்தா நாளைக்கு அஞ்சு பேரு வந்து நிப்பாங்க. இருபதுக்குக் கீழ போனா கவுஞ்சி ஸ்கூலோட சேத்துருவாங்கன்னு பேச்சு கெளம்பியிருக்கு. அப்புறம் மிச்சம் இருக்கிற பிள்ளைங்க அந்தச் சோலை வழியா நடந்து போகணும். அந்த வழிய நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

மகாதேவி ஜன்னல் வழியாகச் சோலைப் பக்கம் பார்த்தாள்.

"பேரு கெடக்கட்டும். டி.சி. மெதுவா வரும்னு சிஸ்டர்கிட்ட சொல்லிவைங்க."

அப்படியே மற்ற பெயர்களும் கிடந்தன. அந்த வருஷம் உண்மையில் வந்த பிள்ளைகள் ஒன்பது பேர். பதிவில் இருபத்து மூன்று. பெயர் இருந்தால் வருகை இருக்க வேண்டும், வருகை இருந்தால் சாப்பிட்டிருக்க வேண்டும். தினமும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று மகாதேவி செல்போனில் அனுப்பியாக வேண்டும். ஊரில் சிக்னல் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் இருந்த பாறைமேல் ஏறி நின்றால்தான் போகும். பாறைமேல் நின்று அவள் இருபது, இருபத்தொன்று என்று அனுப்புவாள். முதல் சில நாள் எண்ணை இரண்டு மூன்று தடவை அழித்துத்தான் அனுப்பினாள். பிறகு பழகிவிட்டது.

அனுப்பிய கணக்குக்கு அரிசி தீர வேண்டுமே. தீராத அரிசி மூட்டையாக நின்றது. மலை ஈரத்தில் அடிமூட்டை கட்டி தட்டிப் பச்சையாகப் பூத்தது. வெளியே விற்றுவிடலாம் என்று கவுஞ்சிக் கடைக்காரர் ஒருவர் ஆள் அனுப்பிக் கேட்டார். மகாதேவி அந்த ஆளைப் படியேற விடவில்லை.

பாப்பம்மாள்தான் வழி சொன்னாள். "ஏந்தாயி, எலி திங்கிறத மனுசன் தின்னா என்னவாம்? அங்க பாரு, பழனிமுத்து அண்ணன் தினமும் அந்தச் செவுத்துல சாஞ்சு உக்காந்து நம்ம சோத்து வாசனையத்தான் மோந்துக்கிட்டு இருக்காரு."

பழனிமுத்துவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். மகன் குடும்பத்தோடு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்விட்டான். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரின் பெயர்களும் இந்தப் பள்ளிப் பதிவில்தான் இருந்தன. வீட்டில் ரேஷன் அரிசி இருந்தது. ஆக்கத்தான் ஆளில்லை. கை நடுக்கத்தில் ஒரு தடவை கொதிக்கிற உலையைக் காலில் கவிழ்த்துக்கொண்டதிலிருந்து அடுப்புப் பக்கம் போகப் பயந்தார்.

அன்றைக்கு மகாதேவி வெளியே வந்து, "மாமா, தட்டு இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவர் போன வேகத்தைப் பார்த்துப் பாப்பம்மாள் சிரித்தாள். திரும்பி வந்து வராந்தாவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிடும்போது யாரையும் பார்க்கவில்லை. கை கழுவிய பிறகுதான் பேசினார்.

"எம் பேரன் பேத்தி பங்கத்தான திங்கிறேன்? வேற ஆரு பங்கையும் திங்கலையே, தாயி?"

"இல்ல மாமா. நாளைக்கும் வாங்க."

மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மாதம் திரும்புவதற்குள் ஊரில் தனித்துக் கிடந்த கிழவர் கிழவிகள் பத்துப் பேர் ஆனார்கள். மகாதேவி இப்போது வேறு விதமாக யோசிக்க வேண்டியிருந்தது. பல் இல்லாதவர்களுக்குச் சோறு குழைய வேண்டும், பிள்ளைகளுக்குக் குழைந்தால் பிடிக்காது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சோற்றைக் குறைத்துப் பயறைக் கூட்ட வேண்டும். பெரியவர்கள் ருசிக்குக் காரம் போட்டால் பிள்ளைகள் கண்ணில் தண்ணீர் வரும். இரண்டு பானையில் ஆக்கினார்கள். பாப்பம்மாள் முணுமுணுத்தாள், ஆனால் ஆக்கினாள்.

முட்டைதான் சங்கடம். கண்மணி பெயரிலும் தினமும் ஒரு முட்டை வெந்தது.

"உம் மக முட்டைய நீ தின்னு தாயி. எத்தன நாளா பாக்கேன், காலைல இருந்து டீத்தண்ணியோட நிக்கிற" என்பாள் பாப்பம்மாள்.

"எனக்கு வேண்டாங்கா." அதை எடுத்துப் பிசைந்து பழனிமுத்துவின் தட்டில் போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பாறைமேல் ஏறி மகளுக்குப் போன் போடுவாள். "சாப்டியா?" என்பாள். "சாப்டேன்மா, இன்னிக்கு சப்பாத்தி குருமா. மேரி மிஸ் என்னை ரீடிங்க்ல ஃபர்ஸ்ட் வரிசையில உக்கார வச்சிருக்காங்க" என்று கண்மணி மூச்சு விடாமல் சொல்வாள். திங்கட்கிழமை காலை மகாதேவி மகளுக்கும் சேர்த்து அரிசி அளப்பாள்.

ஐப்பசி மழைக்கு முந்தின வாரம், முன்னறிவிப்பு இல்லாமல் சத்துணவை ஆய்வு செய்ய ஒரு பெண் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கூட ஒரு உதவியாளர். மதியச் சாப்பாட்டு நேரம். வராந்தாவின் ஒரு பக்கம் ஒன்பது பிள்ளைகள், மறுபக்கம் பத்துப் பெரியவர்கள், எல்லோர் தட்டிலும் சோறு. உதவியாளர் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்.

அதிகாரி கூச்சல் போடவில்லை. இராமலிங்கத்திடம் பதிவேட்டை வாங்கி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். எழாத பெயர்களுக்கு இராமலிங்கம், "லீவு மேடம்", "இன்னிக்கு மட்டும் வரல மேடம்" என்றார். குரல் போகப் போகத் தேய்ந்தது.

"கண்மணி. தகப்பனார் கந்தவேல்."

இராமலிங்கம் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் மகாதேவி பேசிவிட்டாள்.

"அது என் பிள்ளை மேடம். அது லீவு இல்ல. கொடைக்கானல்ல படிக்குது."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "எப்ப இருந்து?"

"ஜூன்ல இருந்துங்க."

"அப்ப அந்தப் பிள்ளை இங்க தினமும் சாப்பிடுதுன்னு எப்படி அனுப்புனீங்க?"

பழனிமுத்து தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுத் தடுமாறி எழுந்து வந்தார். மகாதேவிக்காகப் பரிந்து பேசத்தான் வந்தார்.

"அம்மா, இந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீக. நாங்களா வந்து கேக்கல. அதுதான் எங்களக் கூப்புட்டுக் கூப்புட்டுப் போடுது. ஒரு நா தவறுனதில்ல. முட்டகூடக் குடுக்குது."

உதவியாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

அதிகாரி மகாதேவியைத் தனியாகச் சமையல் கூடத்துக்கு அழைத்துப் போனார். பாப்பம்மாள் அடுப்போரம் நின்றாள். "பசிச்சவங்களுக்குச் சோறு போட்டது தப்புன்னு நான் சொல்லலம்மா" என்றார் அதிகாரி. "ஆனா இது பிள்ளைங்க பேர்ல வர்ற அரிசி. வராத பிள்ளை வந்துச்சுன்னு நீங்க தினமும் சொல்லியிருக்கீங்க. என் கூட வந்தவர் போட்டோ எடுத்தாச்சு. நான் பாக்காத மாதிரி போக முடியாது. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

மகாதேவி ஒரு தட்டைக் கழுவி எடுத்தாள். "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க மேடம்" என்றாள். அதிகாரி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வெளியே போனார்.

மகாதேவிக்குத் தற்காலிக நீக்க உத்தரவு கொஞ்ச நாளில் வந்தது. இராமலிங்கத்தைக் கீழே வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். போகிற அன்று அவர் மகாதேவி வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். இறங்கவில்லை.

"நீங்க லீவுன்னு சொல்லியிருக்கலாம்மா."

"என் பிள்ளைய லீவுன்னு என் வாயால எப்படி சார் சொல்லுவேன்?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு பள்ளி திறக்கவில்லை. தொட்டிமேட்டுப் பள்ளியைக் கவுஞ்சியோடு சேர்த்தாகிவிட்டது. சத்துணவு மையமே இல்லாதபோது எந்த மையத்துக்கு அமைப்பாளர் என்று, மகாதேவியின் விசாரணையும் ஆபீஸில் அப்படியே நின்றது. இரண்டு தடவை திண்டுக்கல் வரை போய் வந்தாள். இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். மூன்றாம் தடவை போகவில்லை. பாப்பம்மாளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவ்வளவு தூரம் நடக்க முடியாமல் அவள் வேலையை விட்டுவிட்டு ஆடு மேய்க்கத் தொடங்கினாள்.

கேட்டுக் கேட்டு வராத கண்மணியின் டி.சி. பள்ளி மூடியதும் தானாகக் கிடைத்தது. ஒன்பது பிள்ளைகளில் இரண்டு பேரை அப்பாக்கள் பைக்கில் கவுஞ்சிக்குக் கொண்டு விட்டார்கள். மற்றவர்களுக்கு ஜீப் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். ஜீப் வரவும் செய்தது. மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போனதும் டிரைவர், "இந்த ரோட்டுல வண்டிய ஏத்துனா வண்டி போயிரும்" என்று நின்றுவிட்டார். ரோட்டைச் சரி செய்தபோது அவருக்கு டூரிஸ்ட் சவாரி கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் பீன்ஸ் பறிக்கப் போனார்கள்.

மகாதேவியும் கூலிக்குப் போனாள். வெள்ளனே எழுந்து தன் வீட்டு அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக ஆக்கி, போகிற வழியில் பழனிமுத்து வீடு உட்பட நாலு வீடுகளில் கொடுத்துவிட்டுப் போவாள். முதலில் தினமும் கொடுத்தாள். பூண்டு எடுப்பு தொடங்கியதும் பொழுது விடியுமுன்பே காட்டில் நிற்க வேண்டியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு முடிந்தபோது கொடுத்தாள். பழனிமுத்து கொஞ்ச காலம் மதியமானால் தட்டைத் துடைத்துக்கொண்டு பூட்டின பள்ளி வாசலுக்கு வந்துவிடுவார். அங்கே மேய்கிற ஆட்டை விட்டுவிட்டுப் பாப்பம்மாள்தான் அவரைக் கையைப் பிடித்து வீட்டில் விடுவாள்.

"பள்ளிக்கூடம் இல்லண்ணே. மூடியாச்சு."

"இன்னிக்கு லீவா?" என்பார்.

"ஆமாண்ணே, லீவு."

தை மாத உறைபனியில் அவர் போய்விட்டார். காலையில் பால் ஊற்ற வந்தவர்தான் கதவைத் தள்ளிப் பார்த்தது. குளிரில் போனது என்றார்கள். மகாதேவி முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் அந்த வழியாகப் போகவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து மகன் வேனில் ஆட்களோடு வந்தான். எலும்பும் தோலுமாகக் கிடந்த தகப்பனைப் பார்த்துவிட்டுத் திரும்பி, கூடி நின்றவர்களிடம், "ஏன், இத்தன பேரு இருக்கீக, ஒருத்தரும் பாக்கலையா?" என்று கத்தினான்.

மகாதேவி கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அவனிடம் திருப்பிக் கேட்க அவளுக்கு ஆயிரம் இருந்தது. கேட்கிற தெம்புதான் இல்லை.

மாசியில் கொடைக்கானலுக்குப் போய் சிஸ்டர் அனிட்டாவைப் பார்த்தாள். பாதிக் கட்டணமும் இரண்டு தவணையாகக் கட்டாமல் நின்றிருந்தது. சிஸ்டர் அவளை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்.

"கண்மணி நல்லாப் படிக்கிறா மகாதேவி. இங்கிலீஷ்கூட எழுத்துக் கூட்டி வாசிக்கிறா. இந்த வருஷப் பரீட்சை முடியிற வரைக்கும் நான் பாத்துக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல. மதர்கிட்டயும் கேட்டாச்சு."

"புரியுது சிஸ்டர்."

"இங்க கிச்சன்ல ஏதும் வேலை இருக்கான்னு கேட்டேன். இப்பதான் எல்லாத்தையும் ஒரு கேட்டரிங் ஆளுங்ககிட்ட விட்டாச்சு. அவங்க ஆள அவங்களே கூட்டிட்டு வர்றாங்க."

மகாதேவி காப்பியைக் குடித்து முடித்துத் தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

ஏப்ரலில் கண்மணி ட்ரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்தாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஜூன் பிறந்து, கவுஞ்சிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா கூட்டிக்கொண்டு போனபோதுதான் புரிந்தது. அழவில்லை. "அங்க மேரி மிஸ் எனக்குப் புக் எடுத்து வச்சிருப்பாங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

சோலை வழியில் மகளைத் தனியாக அனுப்ப மகாதேவிக்கு மனம் வரவில்லை. கூடவே நடந்து போய்ப் பள்ளியில் விட்டாள், சாயங்காலம் போய்க் கூட்டி வந்தாள். கந்தவேல் விழுந்த இடம் வரும்போது கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். அப்பா செத்த இடம் அதுதான் என்று கண்மணிக்கு அவள் சொல்லவில்லை. நடந்து திரும்புவதில் காலைக் கூலி போயிற்று. கூலி கொடுக்கிற காட்டுக்காரர் ஒருநாள் சொன்னார்:

"மகாதேவி, அரை நா ஆளு எனக்கு ஆகாது. வந்தா வெரசா வா, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். கோவிச்சுக்காத."

அதற்குப் பிறகு வேலை இல்லாத நாட்களில் மட்டும் கண்மணி பள்ளிக்கூடம் போனாள். வேலை இருக்கும் நாட்களில் வீட்டில் இருந்தாள். ஹாஸ்டலில் கொடுத்த ஒரே கதைப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கவுஞ்சியில் ஆசிரியர் முதலில் ஏன் வரவில்லை என்று கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

ஆடி மாதம், மேகம் தரையோடு இறங்கிக் கிடந்த ஒரு காலையில், மகாதேவி காட்டுக்குப் புறப்பட்டபோது கண்மணியும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நீ எங்க வர்ற?"

"வீட்டுல சும்மாதானம்மா இருக்கேன். மல்லிகா எல்லாம் பறிக்கப் போறா."

மல்லிகா, தொட்டிமேட்டுப் பள்ளியில் கடைசியாகப் படித்த ஒன்பது பேரில் ஒருத்தி. வராதே என்று சொல்ல மகாதேவி வாயெடுத்தாள். சொல்லிவிட்டு அவளை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. கூட்டிக்கொண்டு போனாள். பீன்ஸ் கொடிக்குள் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. முற்றினதையும் பிஞ்சையும் எப்படிப் பார்ப்பது என்று மல்லிகா சொல்லிக் கொடுத்தாள். கண்மணி சீக்கிரம் கற்றுக்கொண்டாள்.

மதியம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது மகாதேவி சொன்னாள்: "நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும், என்ன?"

கண்மணி விரலில் ஒட்டியிருந்த பச்சையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க மழை. அடுத்த வாரம் பறிப்பு இருந்தது. பிறகு மகாதேவி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.